வாங்கப் போறப்ப ஒரு கோணி ஊசி எடுத்துட்டுப் போங்க தம்பி

மிச்சிகன்ல இருக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு: 1964 மாடல் ஷாஸ்டா கம்பெனி டிரெய்லர் ஒன்னு (காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போய் உள்ளயே தங்கற குட்டி வீடு மாதிரி வண்டி), 16 அடி, பக்கத்து ஊர்ல 1,500 டாலருக்கு வருது, உள்ள எல்லாம் புதுசா வெள்ளை பெயிண்ட் அடிச்சு பாக்க ஜோரா இருக்கு, வாங்கி ஒரு சம்மர்ல ரெடி பண்ணிடலாமா, இல்ல காசு கூடப் போனாலும் பரவால்லன்னு ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி டிரெய்லரா பாத்து வாங்கறதா, அது அலுமினியம்தானே, இத்துப் போகாதேன்னு.

வாங்கலாம் தம்பி. ஆனா புது பெயிண்ட்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. அறுபது வருஷத்து டிரெய்லர்ல உள்பக்கம் மரம் மரமா, தேன் கலர்ல, அங்கங்க கறை படிஞ்சு அசிங்கமா இருந்தா நான் சந்தோஷப்படுவேன், ஏன்னா எங்க தண்ணி இறங்கியிருக்குன்னு அந்தக் கறையே சொல்லிடும். விக்கறதுக்கு முந்தின வாரம் எவனாவது அது மேல வெள்ளையடிச்சிருந்தா அந்த ஆதாரம் மொத்தமும் போச்சு. அவரு ஏமாத்தணும்னு அடிச்சிருக்கணும்னு இல்ல, அழகா இருக்கட்டும்னுகூட அடிச்சிருக்கலாம், ஆனா வாங்கறவனுக்கு ரெண்டும் ஒன்னுதான்.

நான் பட்டது இதுதான். ஒஹாயோல இருக்கேன், 2011ல முதல் டிரெய்லர் வாங்கினேன், 14 அடி, 1,100 டாலர், யாரோ சின்னக் கம்பெனி செஞ்சது, பேர் பிளேட்டே காணோம். உள்ள பச்சையும் நீலமும் கலந்த மாதிரி ஒரு கலர் புதுசா அடிச்சிருந்தாங்க, சீட்டுக்குப் பூப்போட்ட துணி, ஜன்னலுக்கு அதே துணியில கர்ட்டன், என் வீட்டுக்காரம்மா பாத்த உடனே எடுத்துக்கலாம்னுட்டா. வீட்டுக்கு இழுத்துட்டு வந்து ரெண்டாவது வாரம், பின்பக்கக் கட்டிலுக்கு மேல ஷெல்ஃப் அடிக்கலாம்னு மூலையில ஒரு ஸ்க்ரூ போட்டேன். ஸ்க்ரூ சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்கவே இல்ல. விரலை வச்சு அமுக்கினேன், நுங்கு மாதிரி உள்ள போச்சு. பெயிண்ட் தோலை மட்டும் பிச்சு எடுத்தா உள்ள மரமே இல்ல தம்பி, காப்பித்தூள்தான் இருந்துச்சு, கைநிறைய அள்ளலாம். அந்த டிரெய்லர் முடிக்க எனக்கு ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஆச்சு, மொத்த செலவு 9,000 டாலரைத் தாண்டிடுச்சு. வீட்டைக் கட்டிப்பார்னு சொன்னவங்க டிரெய்லரைப் பிரிச்சுப் பாத்ததில்ல போல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, அந்தக் காலத்து டிரெய்லர் கட்டின விதம் அப்படி. ஷாஸ்டா மாதிரி வண்டிகளை இங்க கேன்ட் ஹாம்னு சொல்லுவாங்க, சைடுல இருந்து பாத்தா பன்னிக்கறி டப்பாவைப் படுக்க வச்ச மாதிரி இருக்கும்ல, அதனால. வெளிய மின்னுற அலுமினியத் தகடு அப்பளம் மாதிரி ஒரு மேல்தோல், அவ்வளவுதான். உள்ள எலும்பு முழுக்க மரம், ஒன்னுக்கு ரெண்டு, ரெண்டுக்கு ரெண்டு இன்ச் ரீப்பர் கட்டைகள், ஸ்டேப்பிள் அடிச்சு சேத்தது. அதுக்கு உள்பக்கம் எட்டுல ஒரு இன்ச் பிர்ச் மரத்துப் பிளைவுட். சைடு தகடும் கூரைத் தகடும் சேர்ற ஓரம் பூரா ஒரு அலுமினிய பட்டி ஓடும், அதுக்கு அடியில புட்டி டேப்னு ஒன்னு, களிமண்ணு மாதிரி இருக்கும், அதுதான் தண்ணியைத் தடுக்கறது. அது பத்துப் பதினஞ்சு வருஷத்துல காஞ்சு வெடிச்சிரும். அதைக் கழட்டி புதுசு போடணும்னு யாருக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் செய்ய மாட்டாங்க. ஸ்க்ரூ ஓட்டை வழியா சொட்டு சொட்டா இறங்கும், மிச்சிகன் மாதிரி ஊர்ல அந்தத் தண்ணி குளிர்காலத்துல உறைஞ்சு இடுக்கை இன்னும் பெருசாக்கும். வெளிய இருந்து பாத்தா ஒன்னும் தெரியாது, அதான் கொடுமை.

அதனால நீங்க பாக்கப் போறப்ப ஒரு கோணி ஊசி எடுத்துட்டுப் போங்க, அரிசி மூட்டை தைக்கற ஊசி, சாக்கு ஊசின்னும் சொல்லுவாங்க. ஈரம் பாக்கற மீட்டர் கடையில கிடைக்குது, அதுவும் நல்லதுதான், ஆனா காஞ்ச நாளா பாத்து வண்டியைக் காட்டினா மீட்டர் ஒன்னும் சொல்லாது, ஊசி சொல்லும். ஓனர்கிட்ட கேட்டுட்டு, கண்ணுக்குத் தெரியாத இடமா பாத்து குத்துங்க: கட்டிலுக்கு அடியில இருக்கற பெட்டியைத் திறந்து அதுக்குள்ள பின்மூலை ரெண்டும், முன்பக்க பெரிய ஜன்னலுக்குக் கீழ, அலமாரிக்குள்ள கூரை வளையற இடம், கதவு நிலைக்குக் கீழ, கூரை வென்ட்டைச் சுத்தி. நல்ல மரம்னா ஊசி நுனி மட்டும் ஏறும், அதுக்கு மேல கை வலிக்கும். வெண்ணெய்ல போற மாதிரி போச்சுன்னா அங்க இத்துப்போச்சுன்னு அர்த்தம். வெளிய வந்து அந்த ஓரப் பட்டி ஸ்க்ரூவை வரிசையா பாருங்க, துருத் தண்ணி கோடு வடிஞ்சிருக்கா, திருப்புளி வச்சா சும்மா சுத்துதா, நீளத்துல புது பெரிய ஸ்க்ரூ மாத்திப் போட்டிருக்காங்களான்னு. மாத்தியிருந்தா பழைய ஸ்க்ரூவுக்குப் பிடிக்க மரம் இல்லன்னு அர்த்தம். அந்த ஓரம் பூரா வெள்ளையா சிலிகான் அப்பியிருந்தாலும் உஷாரு. கூரைல ஒழுகின ஓட்டுல சிமெண்ட் பூசற கதைதான், ஒழுகறது நிக்காது, பின்னாடி நீங்க சரி பண்ணும்போது சிலிகான் பட்ட இடத்துல வேற எதுவும் ஒட்டவும் செய்யாது, சுரண்டி சுரண்டி நகம் போயிரும்.

இங்க ஒரு விஷயம் கட்டாயம் புரிஞ்சுக்கணும், புதுசா இறங்கறவங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் இது, நானும் விழுந்தேன். மூலை மட்டும்தானே இத்துப்போச்சு, உள்பக்கமா பிளைவுட்டை வெட்டி எடுத்துட்டு கட்டையை மாத்தி மூடிடலாம்னு தோணும். முடியாது. இந்த டிரெய்லரை ஃபேக்டரியில உள்ள இருந்து வெளிய கட்டியிருக்காங்க, முதல்ல தரை, அது மேல அலமாரி கட்டில் எல்லாம், அப்பறம் சுவர், அந்த சுவருக்கு வெளிப்பக்கத்துல இருந்து அலமாரிக்குள்ள ஸ்க்ரூ ஓட்டியிருப்பாங்க, அதுக்கு அப்பறம்தான் வயரு, கடைசியா தகடு. அதனால உங்க அலமாரியைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ தலை எல்லாம் தகட்டுக்குப் பின்னாடி இருக்கு. நான் ஆறு மாசம் உள்ள இருந்தே நோண்டி நோண்டி பாத்து, வெட்டின பிளைவுட் ஒட்டாம, கட்டை நேரா நிக்காம, கடைசியில தகட்டை உரிச்சேன். உரிச்ச அன்னைக்குதான் அடச்சே இவ்வளவு சுலபமான்னு இருந்துச்சு. தகடு கழட்டறது பயமுறுத்தும், ஆனா ஜன்னல், லைட், ஓரப் பட்டி கழட்டிட்டா ஒரு ஆள் கை குடுத்தா ஒரு சனிக்கிழமையில உரிஞ்சு வந்துரும்.

உரிச்ச உடனே ஆர்வத்துல எல்லாத்தையும் குப்பையில போட்டுறாதீங்க. இத்துப்போன கட்டையா இருந்தாலும் நம்பர் எழுதி, போட்டோ எடுத்து, கிடந்த வரிசையிலயே கார் ஷெட்டுல படுக்க வைங்க. அந்த வளைவுக் கட்டைக்கு டிராயிங் எங்கயும் கிடைக்காது, பாதி தூளாப் போன பழைய கட்டைதான் உங்களுக்கு அச்சு. அது மேல புதுக் கட்டையை வச்சு பென்சில்ல கோடு போட்டு வெட்டணும். அப்பறம், சுவர் ரெண்டையும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க, ஒன்னை எடுத்து சரி பண்ணி நிறுத்திட்டு அடுத்தது. ரெண்டையும் எடுத்தவங்க வண்டி கொஞ்சம் கோணையாதான் நிக்கும், கோணையான வண்டிக்குப் பழைய தகட்டு ஓட்டை ஒன்னுகூட சேராது. ரசமட்டம் வச்சு முதல்ல அடிச் சட்டத்தை மட்டம் பண்ணிட்டு ஆரம்பிங்க.

திரும்பத் தகடு மாட்டும்போது கீழ இருந்து மேல. ஓட்டு வீட்டுல ஓடு அடுக்கற மாதிரிதான், மேல் தகடு கீழ் தகட்டு மேல ஏறி நிக்கணும், இல்லன்னா மழைத் தண்ணி நேரா இடுக்குக்குள்ள போகும். ஓரப் பட்டிக்கு அடியில பியூட்டைல் டேப் போடுங்க, அது காயாம ரொம்ப வருஷம் பிசுபிசுன்னே இருக்கும். ஸ்க்ரூ ஒரே தடவையில முடுக்காதீங்க, டேப் மெதுவாதான் அமுங்கி ஓரமா பிதுங்கும், மறுநாள் வந்து இன்னொரு சுத்து, வெயில் அடிச்ச பிறகு இன்னொரு சுத்து. பிதுங்கினதைப் பிளாஸ்டிக் கத்தியில வழிச்சு எடுத்தா சுத்தமா இருக்கும்.

உள் மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை, எனக்குப் பிடிச்ச வேலை இதுதான். அந்தத் தேன் கலர் பெயிண்டும் இல்ல வார்னிஷும் இல்ல, பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்கு. அம்பாசமுத்திரம் மரச்செப்பு சாமான்ல பளபளன்னு ஏத்தற அதே அரக்குதான். உலகத்துல அரக்கு அதிகமா எடுக்கற நாடே நம்ம இந்தியாதான், ஜார்கண்ட் பக்கக் காடுகள்ல மரக்கிளையில பூச்சி சுரக்கறதைச் சுரண்டி எடுக்கறாங்க. அமெரிக்கக்காரன் டிரெய்லர் சுவத்துல அதைப் பாக்கறப்ப எனக்கு எப்பவும் ஒரு சிரிப்பு வரும். பழைய பூச்சு அரக்குதானான்னு பாக்க ஒரு துணியில ஆல்கஹால் ஸ்பிரிட் தொட்டு மூலையில தேய்ங்க, பிசுபிசுன்னு கரைஞ்சா அரக்கு. புதுசா போடற பிர்ச் பிளைவுட்டுக்கு ஆம்பர் ஷெல்லாக் மெலிசா மூணு கோட் ஏத்தினா பழசோட அப்படியே சேந்துரும். பாலியூரித்தேன் அடிச்சா வெளுத்துப்போய் ஒட்டுத்துணி மாதிரி தனியா தெரியும். உங்க வண்டியில வெள்ளை பெயிண்ட் அடிச்சாச்சு, அதைச் சுரண்டி மரத்தை மீட்கறது பெரும்பாடு, பிளைவுட்டோட மேல்தாளே தேஞ்சு போயிரும், அதனால அதை விட்டுருங்க. 1978க்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட் அடியில இருந்தா ஈயம் இருக்கலாம், டெஸ்ட் கிட் வாங்கிப் பாக்காம உப்புத்தாள் போடாதீங்க, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா கட்டாயம். பழைய தரை டைல்ஸ்ல ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம்.

இழுத்துட்டு வர்றதுதான் உயிர் விஷயம். டயர்ல பட்டன் எவ்வளவு இருக்குன்னு பாக்காதீங்க, சைடுல டிஓடின்னு போட்டு கடைசியில நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2309ன்னு இருந்தா 2009ல 23வது வாரம் செஞ்சது. ஆறு வருஷம் தாண்டினது எதுவா இருந்தாலும் பாக்க புதுசா இருந்தாலும் ஹைவேல ஏத்தாதீங்க. மூணே நம்பர் இருந்தா அது போன நூற்றாண்டு டயர், தொடவே வேணாம். சக்கர பேரிங்கைக் கழட்டி கிரீஸ் மாத்தாம வீட்டுக்கு இழுக்காதீங்க, அதுக்கு ஆகறது ஒரு மத்தியானம்தான். ஹிட்ச் பால், அதாவது டிரெய்லரை மாட்டற இரும்பு உருண்டை, ஒன்னே முக்காலே அரைக்கால் இன்ச்சா, ரெண்டு இன்ச்சான்னு அளந்து பாருங்க, ஒன்னுக்கு இன்னொன்னு மாட்டினா மேடு பள்ளத்துல கழண்டுரும். மொத்த எடையில 10லிருந்து 15 சதவீதம் மூக்குல, அதாவது ஹிட்ச் மேல உக்காரணும், 2,000 பவுண்டு வண்டின்னா 200லிருந்து 300 பவுண்டு. பின்பக்கம் பாரம் கூடி மூக்கு லேசாச்சுன்னா 55 மைல் வேகத்துல வால் ஆட ஆரம்பிக்கும், ஆரம்பிச்சா சுலபத்துல நிக்காது. லாரிங்க நிக்கற டிரக் ஸ்டாப்ல எடை மேடை இருக்கும், கொஞ்சம் காசுதான், போட்டுப் பாத்துருங்க.

கரண்ட்டும் கேஸும் சுருக்கமா சொல்றேன். அந்தக் காலத்து டிரெய்லர்ல 120 வோல்ட் லைனுக்கு எர்த் கிடையாது, ரெண்டு முள் பிளக்தான், எலி கடிச்ச வயர் ஒன்னு தகட்டைத் தொட்டா வண்டி முழுக்க கரண்ட், ஈரப் புல்லுல நின்னு கதவுக் கைப்பிடியைத் தொடறவனுக்குத்தான் அடி. அதனால தகடு உரிச்சிருக்கும்போதே பழைய வயரை மொத்தமா எடுத்துட்டு மூணு வயர் போட்டு சட்டத்தோட எர்த் பண்ணிடுங்க. கேஸ் லைன், அடுப்பு, ஹீட்டர் இதெல்லாம் தெரிஞ்ச டெக்னீஷியன்கிட்ட விடுங்க, சோப்புத் தண்ணி தொட்டு ஜாயின்ட்ல குமிழி வருதான்னு நீங்களும் பாருங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாம அதுல ஒரு ராத்திரிகூட தூங்கக் கூடாது.

இப்ப ஏர்ஸ்ட்ரீம். அலுமினியம்தானே இத்துப் போகாதேன்னு கேட்டீங்க. ஓடு இத்துப் போகாது, தரை இத்துப் போகும். கீழ இரும்புச் சட்டம், மேல அலுமினிய ஓடு, நடுவுல சாண்ட்விச் மாதிரி பிளைவுட் தரை, ஓடும் சட்டமும் பிரியாம பிடிக்கற போல்ட் எல்லாம் அந்தப் பிளைவுட் ஓரத்து வழியாத்தான் போகுது. பின்பக்கம் பம்பர் ஓரம் தண்ணி புகுந்து அந்தப் பலகை போச்சுன்னா ஓடு தனி, சட்டம் தனி. பாக்கறது சுலபம், பின் பம்பர் மேல ஏறி நின்னு குதிங்க, இன்னொருத்தரை ஓரத்தைப் பாக்கச் சொல்லுங்க, பம்பர் மட்டும் கீழ போய் ஓடு அசையாம நின்னா கதை முடிஞ்சுது. அதைச் சரி பண்ண சில சமயம் ஓடு மொத்தத்தையும் தூக்கி மாட்டி வச்சுட்டு அடிச் சட்டத்துல வேலை பாக்கணும். இன்னொன்னு ஆக்சில், 1960களிலிருந்து இரும்புக் குழாய்க்குள்ள ரப்பர் வச்ச டார்ஷன் ஆக்சில்தான், வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்னா ரப்பர் கல்லாயிரும், சக்கரத்தைப் பிடிக்கற கை கீழ் நோக்கி சாஞ்சு இருக்கணும், மேல் நோக்கி போயிருந்தா ஆக்சில் மாத்தற செலவையும் விலையில கழிச்சுக்கங்க.

மத்தபடி அது அழகு, மறுக்க முடியாது. அந்த உருவமே விமானக்காரங்க குடுத்தது, லிண்ட்பர்க் அட்லாண்டிக் தாண்டின விமானத்தைக் கட்டின பட்டறையில மேற்பார்வை பாத்த ஹாலி போலஸ் 1934ல ரோடு சீஃப்னு ஒரு அலுமினிய டிரெய்லர் செஞ்சாரு, ஏர்ஸ்ட்ரீமை ஆரம்பிச்ச வாலி பயாம் அந்த டிசைனை எடுத்து முன்னாடி இருந்த கதவை சைடுக்கு மாத்தி 1936ல கிளிப்பர்னு விட்டாரு. 1969ல அப்பல்லோ 11ல போயிட்டு வந்த மூணு பேரையும் கப்பல்ல அடைச்சு வச்சாங்களே, நிக்சன் ஜன்னல் வழியா பேசற போட்டோ பாத்திருப்பீங்க, அதுவும் ஒரு ஏர்ஸ்ட்ரீமை மாத்திப் பண்ணினதுதான். ஒஹாயோல ஜாக்சன் சென்டர்ல 1952லிருந்து கம்பெனி நடக்குது, உங்க ஊர்ல இருந்து கார்ல ஒரு நாள்ல போயிட்டு வந்துரலாம், ஃபேக்டரியைச் சுத்திக் காட்டறாங்க. ஒரு ஓட்டுல எத்தனை ரிவிட் அடிக்கறாங்கன்னு கண்ணால பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

மரவேலையே தெரியாது, ஆனா பழசுதான் வேணும்னு நினைச்சீங்கன்னா ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் பாருங்க. 1968ல கனடாவுல வின்னிபெக்ல போலர்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, 13 அடி, ஆயிரம் பவுண்டுக்குப் பக்கம்தான் எடை, தேங்கா மூடி ரெண்டை ஒட்டின மாதிரி மேல் பாதி கீழ் பாதி, நடுவுல ஒரே ஒரு சேர்க்கை, சுவத்துல மரமும் இல்ல. அதைக் கண்டுபிடிச்சவரு அதுக்கு முன்னாடி ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க் செஞ்சுட்டிருந்தவரு, அதைச் சொன்னா என் வீட்டுக்காரம்மா உள்ள ஏற மாட்டேங்கறா.

உங்க ஷாஸ்டாவுக்கு வருவோம். பின்னாடி ரெண்டு பக்கமும் அழகுக்கு வச்ச ரெக்கை இருக்கான்னு பாருங்க, அது இருந்தா மதிப்பு கூட. பேப்பர் விஷயம் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், டைட்டில், அதாவது வண்டி யார் பேர்ல இருக்குன்னு சொல்ற பேப்பர், இல்லாம வெறும் பில்லு மட்டும் குடுத்தா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல வண்டி ரிஜிஸ்டர் பண்ற ஆபீஸ்ல போய் இந்தப் பில்லுல என் பேருக்கு மாத்தித் தருவீங்களான்னு கேட்டுட்டு வாங்க, வண்டியோட அடிச் சட்டத்துல அடிச்சிருக்கற நம்பரும் பேப்பர்ல இருக்கற நம்பரும் ஒன்னான்னு ஒத்துப் பாருங்க. பின்மூலை ரெண்டுலயும் ஊசி ஏறலன்னா 1,500 குடுக்கலாம், யோசிக்கவே வேணாம். ஒரு மூலை மட்டும் போயிருந்தா 700, 800ன்னு கேளுங்க, ஒரு சம்மர் இல்ல, ரெண்டு சம்மர்னு மனசுல வச்சுக்கங்க. நாலு மூலையும் போயிருந்தா ஜன்னலும் ரெக்கையும் ஓட்டை இல்லாத தகடும்தான் நீங்க வாங்கறது, மிச்சத்தைப் புதுசா கட்டப்போறீங்க, அதுக்குத் தகுந்த விலை பேசுங்க, ஒத்துக்கலன்னா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் பாலைவனத்துல கிடந்த வண்டிங்க மாட்டும், ரப்பர் எல்லாம் வெயில்ல காஞ்சு போயிருக்கும், ஆனா மரம் கல்லு மாதிரி இருக்கும், அங்கிருந்து இழுத்துட்டு வர்ற பெட்ரோல் காசு எனக்கு நஷ்டமா தோணல.

சனிக்கிழமை போறேன்னு சொன்னீங்க. மழை பெஞ்ச மறுநாளா இருந்தா இன்னும் நல்லது. டார்ச் லைட், ஊசி, பழைய சட்டை, படுக்க ஒரு அட்டை, வண்டிக்கு அடியில போய் சட்டத்துல துரு எவ்வளவுன்னு பாத்துட்டு மூலை நாலுக்கும் போட்டோ எடுத்து அனுப்புங்க.